குளுட்டமேட் வந்து ஒட்டும் இடம்

திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் உயிர்த்தகவலியலுக்கு என்றே ஒரு துறை உண்டு. இத்தகைய துறைகளில் மருந்து வேட்டை கணினியில் தொடங்குகிறது. நோயோடு தொடர்புள்ள புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை எடுத்து, அதன் குழிவுக்குள் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறது மென்பொருள். எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மைனஸ் 4-ஐ விட மைனஸ் 9 மேல். இயக்க நரம்பணு நோய்க்கு மருந்து தேடுபவர்கள் நீண்டகாலமாகக் குறிவைத்த புரதம் குளுட்டமேட் ஏற்பி.

கை, கால், நாக்கை அசைக்கும் கட்டளை தசையை எட்டுவது இயக்க நரம்பணு வழியாகத்தான். மேலிருந்து வரும் நரம்பு உமிழும் குளுட்டமேட், இந்த நரம்பணுவின் ஏற்பியில் ஒட்டியதும், அதன் நடுத்துளை திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அந்தத் துளையில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தால் கால்சியமும் நுழைந்துவிடும். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதங்கள் இந்தச் செல்களில் குறைவு. அளவு மீறினால் செல் மடியும்.

இதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. பஞ்சகாலத்தில் கேசரிப் பருப்பையே மாதக்கணக்கில் தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்து முடமாயின. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா மூவரும் 1964-இல் அந்தப் பருப்பின் நஞ்சை அடையாளம் கண்டார்கள். அது இதே வகை ஏற்பியைத்தான் தூண்டுகிறது என்பது பின்னால் தெரியவந்தது.

அப்படியானால் ஏற்பியை அடைத்துவிடலாமே? டாலம்பனல் என்ற சோதனை மருந்து அதைத்தான் செய்தது, நோயாளிகளிடம் பலிக்கவில்லை. வலிப்பு மருந்தான பெரம்பனெல்லும் கைகொடுக்கவில்லை. எனக்கு இதில் பெரிய வியப்பில்லை. மூளை முழுக்கக் குளுட்டமேட்டை நம்பி இயங்குகிறது. ஏற்பியை அழுத்தி மூடினால் தூக்கமும் தள்ளாட்டமும்தான் முதலில் வரும். 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல், குளுட்டமேட் சுரப்பையே குறைக்கிறது. சோதனைகளில் ஆயுள் நீண்டது சராசரியாக இரண்டு, மூன்று மாதம். ஆக, கணினியில் மைனஸ் 9 வாங்கிய மூலக்கூறை மருந்து என்று கொண்டாடும் கட்டுரைகளைச் சற்றுத் தள்ளியே வைக்கலாம். அது மூளைக்குள் போய்ச் சேருமா என்பதைக்கூட அந்த எண் சொல்லாது.

தென்னிந்தியாவில் இயக்க நரம்பணு நோய்க்குத் தனிமுகமும் உண்டு: ‘மெட்ராஸ் வகை’. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் இதை விவரித்தார்கள். இளவயதிலேயே கைகால் இளைக்கும், காது மந்தமாகும், முகமும் நாக்கும் தளரும்; ஆனால் நோய் மெதுவாகவே நகரும்.

கிட்டத்தட்ட இதே சாயலில் வரும் வேறொரு பரம்பரை நோயின் காரணம் 2010-இல் பிடிபட்டது. அதில் பழுதானது ஏற்பி அல்ல. ரைபோஃபிளேவின் எனும் வைட்டமின் பி2-வைச் செல்லுக்குள் ஏற்றும் புரதம். அந்த வைட்டமினையே அதிக அளவில் கொடுத்ததும் பலர் தேறினார்கள். காது மந்தமாகி, விழுங்கவும் திணறும் குழந்தைக்கு இந்த நோய் என்ற சந்தேகம் எழுந்தால், மரபணுப் பரிசோதனை முடிவு வருமுன்பே மருத்துவர்கள் பி2-வைத் தொடங்கிவிடுகிறார்கள்.