மாமாவின் குரல் ஸ்பீக்கரில் ஏன் ஒலிக்கவில்லை?

வெலிமடையில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சிறிய ராஸ்பெரி பை கணினி இருக்கிறது. அதில் நாவிட்ரோம் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. அம்மாவுக்குப் பிடித்த பழைய பாடல்கள் வைஃபை வழியாக அவரது அறை ஸ்பீக்கருக்குப் போகும். அந்தப் பாடல்களோடு மாமாவின் குரலையும் சேர்க்கப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது.

மாமா 1977 வன்முறைக்குப் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர். ஏ9 வீதி திறந்திருந்த 2005இல் ஒருமுறை வந்து போனார். அப்போது தம்பி தன் கைத்தொலைபேசியில் 57 வினாடிகள் பதிந்து வைத்தான். 2009க்குப் பின் மாமாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. படங்கள் சில உண்டு. குரல் இது ஒன்றுதான்.

கோப்பு ஏஎம்ஆர் வடிவத்தில் இருந்தது. பேச்சுக்காக மட்டும், வினாடிக்கு 8000 மாதிரிகள் எடுத்து இறுக்கிச் சேமிக்கும் வடிவம் அது. மொத்தம் சுமார் 90 கிலோபைட். நாவிட்ரோம் பட்டியலில் அது தோன்றவே இல்லை. கோப்பின் பெயரில் எம்பி3 என்று மாற்றிப் பார்த்தேன் (யார்தான் செய்யவில்லை!). பெயர் மாறியதே தவிர உள்ளே இருந்தது மாறவில்லை.

பிறகு எஃப்எஃப்எம்பெக் மென்பொருளால் உண்மையாகவே எம்பி3 ஆக்கினேன். கைத்தொலைபேசியில் கேட்டது, அம்மாவின் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஒரு மாலை முழுக்க வைஃபையைத் திட்டினேன். காரணம் வேறு. மாதிரி வீதத்தை நாம் குறிப்பிடாவிட்டால் மென்பொருள் பழைய 8000ஐயே வைத்துக்கொள்ளும். எம்பி3யின் முறையான தரநிலையில் மிகக் குறைந்த வீதம் 16,000. அதற்குக் கீழே உள்ளவை பின்னர் சேர்க்கப்பட்ட நீட்சி. எல்லாக் கருவிகளும் ஏற்பதில்லை.

வீதத்தை 44,100 என்று கொடுத்து ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றியதும் ஒலித்தது. தரம் கூடாது, குறையவும் இல்லை. எம்பி3 என்றால் இறுக்கியதையே மறுபடி இறுக்கிக் கொஞ்சம் இழந்திருப்போம்.

இரைச்சலை நீக்கியும் பார்த்தேன். மாமா "தங்கச்சி" என்று கூப்பிடும் இடத்தில் குரல் தகரம்போல் ஆகிவிட்டது. அம்மாவுக்கு இரைச்சலோடு இருப்பதே வேண்டுமாம்.

உங்களிடமும் பழைய மெமரி கார்டில் இப்படி ஏதும் இருந்தால், முதலில் மூலக் கோப்பை அப்படியே இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். மாற்றுவதையெல்லாம் பிரதியில் செய்யுங்கள். சும்மா கிடக்கும் கார்டும் பழுதாகும். எங்கள் 90 கிலோபைட் இப்போது தம்பியிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.