வக்ஃபு என்னும் அமானிதம்

கச்சிராயபாளையம் போன்ற சிற்றூரில் பள்ளிவாசல் கணக்கெழுதும் சகோதரரே! கடல் கடந்த ஒரு படிப்பினையைக் கேளுங்கள்.

1786-இல் ஆங்கிலேயக் கம்பெனி பினாங்குத் தீவில் துறைமுகம் அமைத்தது. சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் அங்கே வாணிபத்தில் சிறந்தனர். அவர்களுள் காதர் முகைதீன் என்பாரை 1801-இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் நம்மவருக்குத் தலைவராக, ‘கப்பித்தானாக’ நியமித்தார். பள்ளிவாசலுக்கு 18 ஏக்கர் நிலமும் அளித்தார். நாளடைவில் வக்ஃபு நிர்வாகம் சீர்கெடவே, அறக்கொடைகளைக் கண்காணிக்க 1905-இல் அரசு சட்டமியற்ற நேர்ந்தது.

கைபர் நிலத்தை ஹஜ்ரத் உமர் (ரலி) அர்ப்பணிக்க முன்வந்தபோது, மூலத்தை நிறுத்திப் பலனைத் தர்மம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். மூலத்தை உண்பவன் ஏழையின் பங்கையன்றோ உண்கிறான்!

ஆகவே, பிறர் கேட்குமுன் ஜமாஅத்தார் முன்னிலையில் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். மறுமையில் அதையே அல்லாஹ் கேட்பான். அந்நாளில் நம்மைத் தலைகுனியாது காப்பானாக! ஆமீன்.