அஞ்சலில் வரும் கையொப்பம்

அமெரிக்காவில் பேஸ்பால் பந்தாட்டத்தின் அபிமானிகள் நூறாண்டுகளுக்கு மேலாகச் சேகரித்துவரும் பொருள் ஒன்று உண்டு. ஒரு புறத்தில் ஆட்டக்காரரின் உருவப்படமும், மறுபுறத்தில் அவருடைய பிறந்த ஊர், உயரம், ஆட்டக் கணக்குகள் முதலிய விவரங்களும் அச்சிட்ட, உள்ளங்கையில் அடங்கும் சிறிய அட்டையே அது. முதலில் சிகரெட்டுப் பெட்டிகளிலும், பின்னர் 1930-களில் சூயிங்கம் பொட்டலங்களிலும் வைத்து விற்கப்பட்ட இவ்வட்டை, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி 1952-ல் 407 அட்டைகள் கொண்ட பெருவரிசை ஒன்றை வெளியிட்ட பிறகு, அந்நாட்டுச் சிறுவர்களின் பால்யத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது. அவ்வரிசையில் 311-ஆம் எண்ணுள்ள, மிக்கி மான்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டைப் பிரதி ஒன்று 2022-ல் 126 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று என்றால், இந்த அபிமானத்தின் ஆழத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

எனினும், பணம் படைத்தவர்கள் ஏலக் கூடங்களில் நடத்தும் அந்தப் போட்டியைவிட, இரண்டு அஞ்சல் உறைகளும் இரண்டு தபால்தலைகளும் மட்டுமே மூலதனமாகக் கொண்டு, சிறுவர் முதல் முதியவர் வரை எண்ணற்றோர் வீட்டிலிருந்தபடியே நடத்திவரும் மற்றொரு சேகரிப்பே என் மனத்தை அதிகமாகக் கவர்கிறது. ஆட்டக்காரரின் அட்டையை அவருக்கே அனுப்பி, அதன்மீது கையொப்பமிட்டுத் திருப்பியனுப்பும்படி வேண்டுவதுதான் அது.

முறை எளிது. அட்டை, வளையாமல் காக்க ஒரு தடித்த காகிதம், வேண்டுபவர் தம் விலாசத்தை எழுதித் தபால்தலையும் ஒட்டிய மறு உறை, இவற்றோடு ஒரு கடிதம். அக்கடிதமே இதில் பிரதானம் என்பது என் துணிபு. அச்சடித்த ஒரே வாசகத்தை நூறு பேருக்கு அனுப்புகிறவனுக்கும், இன்ன ஆண்டில் இன்ன ஆட்டத்தில் தாங்கள் பிடித்த பந்தை என் தந்தை இன்றும் சொல்லி மகிழ்கிறார் என்று தன் கைப்பட நாலு வரி எழுதுகிறவனுக்கும் ஒரே விதமான பதிலை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஓர் உறையில் ஓரிரண்டு அட்டைகளுக்கு மேல் வைப்பது மரியாதையன்று என்பதும், பளபளப்பான புதிய அட்டைகளில் மை ஒட்டாமல் வழுக்கும் ஆதலால் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை மெல்லத் தேய்த்துத் துடைத்த பிறகே அனுப்ப வேண்டும் என்பதும் அனுபவஸ்தர்கள் கற்றுத்தரும் பாடங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 30 பெரிய அணிகளும் பிளாரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாமிட்டிருக்கையில் ஆட்டக்காரர்களுக்குச் சற்று ஓய்வு கிடைப்பதால், அந்தப் பருவத்தில் கடிதங்கள் அம்முகாம்களை நோக்கியே பறக்கும். பதில் பத்தே நாளில் வரலாம். ஆண்டுகள் சில கழிந்தும் வரலாம். வாராமலே போவதும் உண்டு.

வந்த கையொப்பம் மெய்யானதுதானா என்ற சந்தேகம் இத்துறையின் நீங்காத துன்பம். மகா பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர் ஜோ டிமாஜியோவுக்கு வந்து குவிந்த அஞ்சல்களில் பலவற்றில் அவருடைய சகோதரியே அவர் பெயரை எழுதியனுப்பினார் என்பது சேகரிப்பாளர்கள் அறிந்த செய்தி. விலைக்கு விற்கப்படும் கையொப்பங்களின் நிலையோ இன்னும் மோசம். 1990-களில் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையினர் ‘ஆப்பரேஷன் புல்பென்’ என்ற பெயரில் நடத்திய சோதனைகளில், போலிக் கையொப்பங்களையே தொழிலாக உற்பத்தி செய்த பெருங்கூட்டம் ஒன்று பிடிபட்டது.

இந்த இருளுக்கு நடுவே ஹார்மன் கில்லிபுரூவைப் போன்றவர்களை நினைக்கையில் நெஞ்சு நிறைகிறது. மின்னசோட்டா ட்வின்ஸ் அணியின் தூணாக விளங்கி, பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன்கள் 573 அடித்து, 1984-ல் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற அவர், தம் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பிறர் வாசிக்கும்படி தெளிவாக எழுதுவதை ஒரு விரதம் போலக் கைக்கொண்டவர். டோரி ஹண்டர் என்ற இளம் ஆட்டக்காரர் கிறுக்கலாகக் கையொப்பமிட்டதைக் கண்டு, கேட்பவருக்கு அது யாருடைய பெயர் என்று விளங்க வேண்டாமா என அன்போடு கண்டித்தார். ஹண்டர் அன்று முதல் தம் எழுத்தைத் திருத்திக்கொண்டார். அவ்வணியின் வேறு இளைஞரும் அவ்வழியைப் பின்பற்றினர். 2011-ல் கில்லிபுரூ மறைந்தபோது பலர் அவருடைய அடிகளின் வன்மையோடு கையெழுத்தின் அழகையும் சேர்த்தே பேசினார்கள்.

இச்சேகரிப்பில் மிகவும் உயர்ந்தது எது என்று கேட்டால், பிரபலங்களை விட்டு, ஓரிரு பருவங்கள் மட்டும் ஆடிவிட்டு ஊர் திரும்பிய சாமானிய ஆட்டக்காரர்களை நாடிச் செல்லும் பகுதியையே நான் சொல்வேன். 1952-ஆம் ஆண்டு வரிசையின் 407 அட்டைகளிலும் இயன்றவரை கையொப்பம் திரட்ட முனைகிறவர்கள் உண்டு. அவ்வரிசையில் இடம்பெற்ற புகழ்மிக்க ஆட்டக்காரர் வில்லி மேஸும் 2024-ல் காலமாகிவிட்டார். ஆயினும் இவ்வரிசையைத் திரட்டுகிறவர்கள் படும் பிரயாசை புகழ்பெற்றவர்களைக் குறித்தன்று. மேஸிடம் பல்லாயிரம் பேர் கையொப்பம் கேட்டிருக்கிறார்கள். எவரும் கேளாமலே இளமையில் இறந்துபோன ஒரு மாற்று ஆட்டக்காரரின் கையெழுத்தே கிடைத்தற்கு அரியது. முதுமையை எட்டிய சாமானிய ஆட்டக்காரர்களுக்கு எழுதும்போது, அதே அட்டையின் இன்னொரு பிரதியையும் உறையில் வைத்து, இதைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பிடுவது நல்ல சேகரிப்பாளர்களிடையே உள்ள வழக்கம். அந்த அட்டைகள் சில பேரப்பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்கின்றன.