குடிபெயர்வுச் சோதனை (இந்தியா)

குடிபெயர்வுச் சோதனை என்பது, குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்காகச் செல்லும் இந்தியக் குடிமக்களின் ஆவணங்களை, அவர்கள் புறப்படுவதற்கு முன்னரே இந்திய அரசு ஆராய்ந்து இசைவு வழங்கும் நடைமுறை ஆகும். கடவுச்சீட்டும் நுழைவிசைவும் (விசா) முறையாக இருந்தாலும், இச்சோதனைக்கு உட்பட்டவர் இவ்விசைவின்றி வேலைக்குச் செல்ல முயன்றால் வானூர்தி நிலையத்திலேயே தடுத்து நிறுத்தப்படலாம். பேச்சு வழக்கில் இது "இ.சி.ஆர்" எனப்படுகிறது.

சட்டப் பின்னணி

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில், இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் சென்றது 1922 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டது. 1970களில் எண்ணெய் விலையேற்றத்தைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பெருகியபோது இப்பழைய சட்டம் போதாமற் போயிற்று. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டம், 1983 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி இசைவு வழங்கும் அதிகாரி "குடிபெயர்வோர் பாதுகாவலர்" எனப்படுகிறார். சென்னையிலும் இவ்வலுவலகம் ஒன்று உள்ளது.

யாருக்குத் தேவை?

சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமான், பகுரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகள் இப்பட்டியலில் உள்ளன. தமிழர்கள் பெருமளவில் செல்லும் சிங்கப்பூர் இதில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றோர், வருமான வரி செலுத்துவோர், 50 வயதைக் கடந்தோர், மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தோர் முதலிய பிரிவினருக்குச் சோதனை தேவையில்லை. ஏனையோரின் கடவுச்சீட்டில் இதற்கான குறிப்பு அச்சிடப்படும். குறிப்பு எதுவும் இல்லையெனில் விலக்குப் பெற்றவர் எனக் கொள்ளலாம்.

புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவை

* கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும்.
* வேலைவாய்ப்பு முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை "இ-மைக்ரேட்" இணையத்தளத்தில் பார்க்கலாம். பதிவின்றி ஆள் சேர்ப்பது குற்றமாகும்.
* ஒப்பந்தத்தில் ஊதியம், பணி நேரம், தங்குமிடம், திரும்பிவரும் பயணச் செலவு ஆகியன எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.
* 2003 இல் தொடங்கப்பட்ட "பிரவாசி பாரதிய பீமா யோசனா" என்னும் கட்டாயக் காப்புறுதியின் சான்று கையில் இருத்தல் வேண்டும். விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் இது 10 இலட்சம் ரூபாய் வரை வழங்கும்.
* செல்லும் நாட்டின் சுங்க விதிகளையும் அறிதல் நன்று. எடுத்துக்காட்டாக, நம் சமையலில் இயல்பாகப் பயன்படும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் தடை செய்யப்பட்ட பொருளாகும். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகளுக்கும் அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு.

எல்லா ஆவணங்களின் படிகளையும் வீட்டில் ஒருவரிடம் விட்டுச் செல்வது அவசியம். பணியிடத்தில் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டால், இந்தியத் தூதரகத்தில் முறையிட இப்படியே உதவும்.

சுற்றுலா நுழைவிசைவும் சிக்கல்களும்

2007 அக்டோபர் 1 முதல், வேலை தவிர்ந்த பிற நோக்கங்களுக்காகச் செல்வோருக்கு இச்சோதனை நீக்கப்பட்டது. உறவினரைக் காணவும் புனிதப் பயணம் மேற்கொள்ளவும் செல்வோருக்கு இது எளிதாயிற்று. எனினும் சில முகவர்கள் இதனைப் பயன்படுத்தி, தொழிலாளரைச் சுற்றுலா நுழைவிசைவில் அனுப்பி, "அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம்" என நம்பவைக்கின்றனர். இவ்வாறு செல்பவருக்குப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமோ மேற்கூறிய காப்புறுதியோ இராது. பேசிய ஊதியம் மறுக்கப்பட்டால் அதனை மெய்ப்பிக்க அவரிடம் ஆவணமும் இராது. உரிய அனுமதியின்றி வேலை செய்தமைக்காக அவரே தண்டனைக்கு உள்ளாகவும் நேரும்.

பத்தாம் வகுப்பு என்னும் அளவுகோலும் விமர்சிக்கப்படுகிறது. படித்தவர் ஏமாறமாட்டார் என்னும் கருத்தின் அடிப்படையில் அமைந்த இவ்விலக்கினால், பள்ளிப் படிப்பை முடித்து ஓட்டுநராகவும் கட்டடத் தொழிலாளியாகவும் செல்வோர் இப்பாதுகாப்பிற்கு வெளியே நிற்கின்றனர். ஆகவே, சோதனை தேவைப்படாதவரும் மேற்கண்டவற்றைத் தாமே சரிபார்த்துக்கொள்வது நன்று.