சோம்பல் இல்லை, வலி!

வாங்கி வந்த புதிதில் வீடு முழுக்கத் துள்ளிய எங்கள் லாப்ரடார் குட்டி, எட்டாம் மாதத்தில் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே யோசித்தது. ஓடினால் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் தாவும். நடந்தால் இடுப்பு ஆடும். "சரியான சோம்பேறி!" என்று பசங்க கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான், "இது சோம்பல் இல்லைம்மா, வலி" என்றார். மனசு சுருக்கென்றது.

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழியில் கச்சிதமாக உட்கார வேண்டும். சில குட்டிகளுக்கு அது தளர்ந்து, உரசி உரசித் தேய்கிறது. பெரிய ஜாதி நாய்களில் பரம்பரையாக அதிகம் வருவது இது. ஆனால் நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. 'வளர்ற குட்டியாச்சே' என்று அள்ளிப் போடும் சோறும், டாக்டரைக் கேட்காமல் கொடுக்கும் கால்சியமும் கெடுதல்தான்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி சேர்த்து, ஒன்றுக்குக் கால் பங்கு உணவைக் குறைத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் வெளியான முடிவு: குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் தள்ளியே வந்தது.

ஆபரேஷனில் அந்த உருண்டைத் தலையையே வெட்டி எடுத்து விடுவார்களாம். "ஐயோ, அப்புறம் எப்படி நடக்கும்?" என்று பதறினேன். சுற்றியுள்ள தசையும் நாரும் சேர்ந்து தாங்கிக் கொள்ளுமாம். செயற்கை மூட்டும் உண்டு. செலவு மிக அதிகம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பவர்கள், 1903-ல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியிலும் யோசனை கேட்கலாம்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை:

* வழவழ டைல்ஸ் தரையில் குட்டியின் கால் வழுக்கும். பழைய சாக்கு, ரப்பர் பாய் விரித்து வையுங்கள்.

* மாடிப்படி, சோபாத் தாவல் வேண்டாம். தூக்கினால் மார்பையும் பின்புறத்தையும் சேர்த்துத் தாங்குங்கள்.

* வலிக்கிறதே என்று நம் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

* ஆபரேஷனுக்கு முன், டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது. மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். பசங்க தெரியாமல் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

* தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை நக்காமல் கழுத்தில் கூம்பு இருக்கட்டும். டாக்டர் சொன்னபடி வாரில் பிடித்து மெதுவாக நடத்துங்கள். படுத்தே கிடந்தால் தசை இளைத்துவிடும்.

அடுத்த வாரம் எங்கள் குட்டிக்கு ஆபரேஷன். இவருக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட்; ராத்திரிக் காவல் என்னுடையது. சாக்கு விரித்து மூலை தயார். சின்னவள் நேற்று, "அதுக்கு வலிக்குமாம்மா?" என்றாள்.

"வலிக்கும்டி கண்ணு. ஆனா இப்ப தினமும் வலிக்குதே, அது குறையும்" என்றேன். அவள் தன் தலையணையைக் கொண்டுபோய் அந்த மூலையில் வைத்தாள்.