கை ஆடும், படம் ஆடாது... கேமராவுக்குள் என்ன நடக்கிறது?

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறைக்குள் ஃப்ளாஷ் இல்லாமல் போட்டோ எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் கம்மி. ஷட்டர் கால் நொடியாவது திறந்திருக்கணும். அதற்குள் கை லேசாக நடுங்கும். அடுக்கி வைத்த பொம்மைகள் மொத்தமும் மங்கிவிடும்.

இங்கேதான் ‘ஐபிஸ்’ கைகொடுக்கிறது. கைரோ சென்சார் கேமராவின் நடுக்கத்தை அளக்கும். உடனே படம் பதியும் சென்சாரே எதிர்த்திசையில் நகர்ந்து ஈடுகட்டும். வசதி கேமரா பாடிக்குள் இருப்பதால், ஸ்டெபிலைசேஷன் இல்லாத பழைய லென்ஸிலும் வேலை செய்யும்.

இதில் பீங்கானுக்கும் பங்கு உண்டு! 2003-ல் வந்த மினோல்டா டைமேஜ் ஏ1 கேமராவில் சென்சாரை நகர்த்தியது, மின்னழுத்தம் கொடுத்தால் துளியூண்டு நீளும் ‘பீசோ’ பீங்கான். பொம்மைக்கான களிமண் சமாச்சாரம் இல்லை, இது வேற ரகம். இன்றைய கேமராக்கள் பலவற்றில் அந்த வேலையைக் காந்தமும் கம்பிச்சுருளும் பார்க்கின்றன. 2020-ல் ஐபோன் 12 ப்ரோ மேக்ஸ் மூலம் சென்சார் நகரும் உத்தி ஐபோனுக்கும் வந்தது.

ஆனால் காசைக் கொட்டும் முன் ஒன்று. ஐபிஸ் சரிசெய்வது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான். அதே கால் நொடியில் பொம்மைகள் பளிச்சென்று விழும். பெயின்ட் அடிக்கும் அக்காவின் கை மங்கலாகத்தான் இருக்கும். அதற்கு ஷட்டரை வேகமாக்கி, ஐஎஸ்ஓவை ஏற்றணும். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும், பரவாயில்லை. ஓடியாடும் குழந்தைகளையே அதிகம் எடுப்பவர் என்றால், அந்தப் பணத்துக்கு அதிக வெளிச்சம் வாங்கும் லென்ஸ் ஒன்றைப் பார்க்கலாம்.