பரவலாக்கப்பட்ட வி.பி.என். கருவி

பரவலாக்கப்பட்ட வி.பி.என். கருவி என்பது வீட்டு இணைய இணைப்பில் பொருத்தப்படும் ஒரு சிறு கணினி ஆகும். வழக்கமான மெய்நிகர் தனியார் வலையமைப்பு (வி.பி.என்.) ஒரு நிறுவனத்தின் வழங்கிகள் வழியாக இயங்குகிறது. இக்கருவியோ பிற பயனர்களின் வீட்டு இணைப்புகள் வழியாகத் தகவல்களை அனுப்புகிறது. கருவியை வாங்கியவர் பிறருடைய இணைப்பைப் பயன்படுத்துவதோடு, தம்முடைய இணைப்பைப் பிறர் பயன்படுத்தவும் இடமளிக்கிறார். இக்கருவி குறித்து எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பணியிலிருந்தே தோன்றுகின்றன.

டீப்பர் நெட்வொர்க் நிறுவனத்தின் டீப்பர் கனெக்ட் கருவிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. மாதச் சந்தா இல்லை என்பதே இவற்றின் முதன்மையான விளம்பரமாகும். மிஸ்டீரியம் வலையமைப்பில் தனிக்கருவி வாங்காமல், ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் மென்பொருளை நிறுவியும் ஒரு கணுவை அமைக்கலாம். இணைப்பைப் பகிர்வோருக்குப் பெரும்பாலும் கிரிப்டோ நாணயமாக ஈட்டுத்தொகை வழங்கப்படுகிறது.

இயங்கும் முறை

வழக்கமான வி.பி.என். சேவையில் பயனரின் தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டு நிறுவனத்தின் வழங்கியை அடைகின்றன. அங்கு அந்த மறையாக்கம் நீக்கப்பட்டுப் பொது இணையத்துக்குச் செல்கின்றன. பார்க்கப்படும் இணையத்தளத்துக்கு வழங்கியின் ஐ.பி. முகவரி மட்டுமே தெரியும்.

பரவலாக்கப்பட்ட முறையில் இவ்வழங்கியின் இடத்தில் யாரோ ஒருவருடைய வீடு இருக்கும். பெர்லினில் உள்ள பயனர் ஒருவர் டொராண்டோவில் உள்ள ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தால், அவருடைய வேண்டுகோள்கள் அனைத்தும் அந்த டொராண்டோ வீட்டிலிருந்து வந்தனவாகவே இணையத்தில் பதிவாகும். இவ்வாறு தகவல் வெளியேறும் இடம் வெளியேறு முனை எனப்படும். மறையாக்கம் செய்யப்பட்ட பொதிகளை வாங்கி அடுத்த கணுவுக்குக் கடத்தும் இடைக்கணுக்களின் முகவரி இறுதித் தளத்துக்குத் தெரிவதில்லை. எனவே அவற்றை நடத்துவோருக்கு இடர் மிகக் குறைவு. தம் கருவி இவ்விரண்டில் எதுவாக இயங்குகிறது என்பதே வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது. விளம்பரங்களில் இது தெளிவாகச் சொல்லப்படுவது அரிது.

பிறர் செயலுக்கு விடை கூறும் நிலை

ஒரு குற்றம் இணையம் வழியாக நடந்தால் புலனாய்வாளர்களுக்கு முதலில் கிடைப்பவை ஐ.பி. முகவரியும் நேரமும் ஆகும். இணையச் சேவை வழங்குநர் தம் பதிவேட்டைப் பார்த்து அந்நேரத்தில் அம்முகவரியைப் பயன்படுத்திய சந்தாதாரரின் பெயரையும் வீட்டு முகவரியையும் தருகிறார். உண்மையில் செயலைச் செய்தவர் வேறொரு நாட்டில் இருக்கலாம். ஆனால் காவல்துறையினர் வந்து கதவைத் தட்டுவது வெளியேறு முனை இருக்கும் வீட்டில்தான்.

இது வெறும் கற்பனை அன்று. டோர் வலையமைப்பின் வெளியேறு முனைகளை நடத்தியோர் இதனை நேரில் கண்டுள்ளனர். ஆஸ்திரியாவில் அத்தகைய முனைகளை நடத்திய ஒருவரின் வீடு 2012-இல் சோதனையிடப்பட்டது. அவர் வழியாக அடையாளம் தெரியாத ஒருவர் சட்டவிரோதப் படங்களை அனுப்பியிருந்தார். 2014-இல் கிராத்சு நகர நீதிமன்றம் முனையை நடத்தியவரைக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவர் எனக் கண்டு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. 2016-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலும் ஒரு வீடு இவ்வாறு சோதனையிடப்பட்டது. அங்கு எவரும் கைது செய்யப்படவில்லை.

வெளியேறு முனையை வீட்டிலிருந்து நடத்த வேண்டாம் என்பது மின்னணு எல்லை அறக்கட்டளை நெடுங்காலமாகத் தரும் அறிவுரையாகும். டோர் தன்னார்வலர்கள் இடரை அறிந்தே அப்பணியில் இறங்குபவர்கள். கடையில் பெட்டி வாங்கிப் பொருத்தும் இல்லத்தவரிடம் அதே புரிதலை எதிர்பார்க்க இயலாது.

வீட்டு முகவரிகளுக்குச் சந்தையில் மதிப்பு இருப்பதற்கும் காரணம் உண்டு. தரவு மையங்களின் முகவரிகளை இணையத்தளங்கள் எளிதில் கண்டறிந்து தடுத்துவிடுகின்றன. வீட்டு முகவரிகளைச் சாதாரண வாடிக்கையாளராகக் கருதி அனுமதிக்கின்றன. ஹோலா என்னும் இலவச வி.பி.என். சேவை தன் பயனர்களின் இணைப்புகளை லுமினாட்டி என்னும் பெயரில் விற்றுவந்தது 2015-இல் பரவலாகத் தெரியவந்தது. அதைவிடப் பெரியது 911 எஸ்5 என்னும் வலையமைப்பு. மாஸ்க்வி.பி.என்., டியூவி.பி.என். போன்ற இலவச மென்பொருள்களை நிறுவியவர்களின் கணினிகள் அவர்கள் அறியாமலேயே இதில் சேர்க்கப்பட்டன. 2024 மே மாதம் இது முடக்கப்பட்டபோது, 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் இதில் அடங்கியிருந்ததாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. இவற்றின் வழியாகப் பெருந்தொற்றுக் கால உதவித் திட்டங்களில் 590 கோடி டாலர் அளவுக்கு மோசடி நடந்தது. வன்பொருள் கருவி விற்போர் இவ்வாறு மறைத்துச் செய்பவர்கள் அல்லர். எனினும் தொழில்நுட்ப அடிப்படையில் வீட்டு இணைப்பு செய்யும் வேலை ஒன்றே.

காவல்துறை வராவிட்டாலும் சிறு தொல்லைகள் உண்டு. முகவரி கரும்பட்டியலில் சேர்ந்தால் வங்கித் தளங்களும் திரைப்படச் சேவைகளும் வீட்டாரையே தடுக்கக்கூடும். இணைப்பைப் பிறருக்கு மறுவிற்பனை செய்வதைப் பல சேவை வழங்குநர்களின் ஒப்பந்தங்கள் தடைசெய்கின்றன.

பயன்படுத்துபவருக்கு உள்ள இடர்

வெளியேறு முனையை நடத்துபவர் தம் வழியாகச் செல்வதைக் கவனிக்க முடியும். 2007-இல் சுவீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் ஐந்து டோர் வெளியேறு முனைகளை அமைத்து, தூதரகங்கள் உள்ளிட்ட பல அமைப்புகளின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைத் திரட்டினார். அவற்றில் நூறு கணக்குகளின் விவரத்தை வெளியிட்டார். இந்தியத் தூதரகக் கணக்குகளும் அவற்றுள் இருந்தன. இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். நெறிமுறையைப் பயன்படுத்துவதால் உள்ளடக்கம் தெரியாது. எனினும் எந்தத் தளம் பார்க்கப்படுகிறது என்பது பொதுவாகத் தெரியும். ஒரு நிறுவனத்தை நம்புவதற்கு மாறாக, இங்கே அடிக்கடி மாறும் முன்பின் அறியாத பலரை நம்ப வேண்டியுள்ளது.

கருவியின் இடம்

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் இணைப்புக்கும் வீட்டுத் திசைவிக்கும் இடையில் பொருத்தப்படுகின்றன. ஆகவே வீட்டின் முழுப் போக்குவரத்தும் அவற்றைக் கடந்தே செல்லும். மூல நிரல் வெளியிடப்படாத கருவியில் உள்ளே நடப்பதைப் பயனர் சரிபார்க்க வழியில்லை. தயாரிப்பாளர் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை நிறுத்திவிட்டால், கண்டறியப்பட்ட ஓட்டைகள் திறந்தே கிடக்கும். வெளியாரின் போக்குவரத்து வீட்டு உள்வலையமைப்பிலிருந்து சரிவரப் பிரிக்கப்படாவிட்டால், அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றையும் அவர்கள் அணுகக்கூடும்.

இடரைக் குறைத்தல்

வெளியேறு முனையாக இயங்கும் வசதியை முடக்கி, கருவியைப் பயனர் நிலையில் மட்டும் வைத்திருப்பது முதல் வழி. சில வலையமைப்புகளில் சரிபார்க்கப்பட்ட வாடிக்கையாளர்களின் போக்குவரத்தை மட்டும் ஏற்கலாம். பகிர விரும்புவோர் அதற்கெனத் தனி இணைப்பு பெற்றால் வீட்டு உள்வலையமைப்பு தப்பும். சந்தாதாரர் பெயர் மாறாததால் விசாரணை இடர் தீராது.

வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியை அணுகுவதோ, பொது வைஃபையில் பாதுகாப்பாக இருப்பதோ மட்டுமே தேவையெனில் இக்கருவி தேவையில்லை. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கருவகத்திலேயே வயர்கார்டு என்னும் கட்டற்ற மென்பொருள் இணைக்கப்பட்டது. அதனை ஏற்கும் திசைவியில் வீட்டினரே தமக்கான வி.பி.என். ஒன்றை அமைத்துக்கொள்ளலாம், அதில் வெளியார் எவருக்கும் இடமில்லை.